பஞ்சுவும் எங்கள் கொல்லையும்

நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. சங்கிலியைக் கையில் எடுத்தாலே போதும், அது வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடி நிற்கும். வெளியே போவதில் அதற்குச் சந்தேகமே கிடையாது. முயல் அப்படியில்லை. கதவைத் திறந்து வைத்தால் அது செய்கிற முதல் காரியம் கட்டிலுக்கு அடியில் போய் உட்காருவதுதான். "பாவம், எப்பப் பாத்தாலும் வீட்டுக்குள்ளேயே கெடக்கு. கொஞ்சம் வெளிய விடக் கூடாதா சார்?" என்று என்னைக் கேட்காதவர்கள் எங்கள் தெருவில் குறைவு. பால்காரர் கேட்டார். கேஸ் சிலிண்டர் போட வந்த பையன் கேட்டான். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் வாரம் ஒருமுறை கேட்கிறார். வாசலில் நின்றபடி ஒரு வரியில் சொல்லக்கூடிய பதிலாக அது இல்லை. அதனால்தான் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

பஞ்சு எங்கள் பேத்தியின் முயல். வெள்ளை நிறம், சிவப்புக் கண். எடை இரண்டே முக்கால் கிலோ. சென்னையில் நாலாவது மாடி ஃபிளாட்டில் இரண்டு வருடம் இருந்தது. போன ஐப்பசியில் மகனுக்கு ஹைதராபாத்துக்கு மாற்றல் வந்தது. அங்கே கிடைத்த வீட்டில் பிராணிகள் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். முயல் திருச்சிக்கு, எங்களிடம் வந்து சேர்ந்தது. ஒரு பை நிறைய உலர்ந்த புல், தண்ணீர்ப் பாட்டில், கிழிந்த துண்டு ஒன்று, நாலு பக்கத்துக்குக் கையால் எழுதிய குறிப்பு, எல்லாம் கூடவே வந்தன. அந்தக் குறிப்பின் கடைசி வரியை மட்டும் சொல்கிறேன். "தாத்தா, பஞ்சு இதுவரைக்கும் மண்ணை மிதிச்சதே இல்லை. நம்ம கொல்லைல புல் இருக்குல்ல, ஒரு தடவை விடுறீங்களா?"

ஒன்பது வயதுக் குழந்தை இப்படி எழுதிக் கொடுத்தால் யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? ஆனால் ஊருக்குக் கிளம்புகிற அன்று மருமகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "மாமா, அவ கெடக்கா. நீங்க வெளியே எல்லாம் விட வேண்டாம். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா இவ தாங்க மாட்டா" என்றாள். அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. போன சித்திரையில் அவர்கள் இங்கே வந்திருந்தபோது, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் முயல் இறந்துபோனது. நல்ல மனிதர்கள். காலையில் வெயில் படட்டும் என்று கூண்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்திருக்கிறார்கள். யாரோ உறவினர் வர, பேச்சில் நேரம் போயிற்று. நிழல் நகர்ந்துவிட்டது, கூண்டு நகரவில்லை. பதினோரு மணிக்குப் போய்ப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த வீட்டுப் பையன் ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை.

ஆக, ஒரு பக்கம் பேத்தி, ஒரு பக்கம் மருமகள். நடுவில் நான்.

நான் முப்பத்தாறு வருடம் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன். அடுத்த ஸ்டேஷன்காரர் லைன் கிளியர் கொடுக்காமல் வண்டியைக் கிளப்பக் கூடாது என்பது எங்களுக்குப் பாலபாடம். அதனால் முதலில் கால்நடை மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். ஆடு மாடுகளோடு வரிசையில் முயலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஒரு தனிக் கதை, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். அந்த மருத்துவர் பொறுமையானவர். "வெளியே விட்டுத்தான் ஆகணும்னு ஒண்ணும் இல்ல சார். அதுக்கு ஓடுறதுக்கு இடம் வேணும், அவ்வளவுதான். நாள் பூரா கூண்டுல கெடந்தா உடம்பு போடும், எலும்பு சோடை போகும், கால் பாதத்துல புண்ணு வரும். தினம் மூணு நாலு மணி நேரம் ஹால்ல ஓடுனாலும் போதும். கொல்லைல விடுறதா இருந்தா நீங்க கூடவே உக்காரணும். பேப்பர் படிச்சுக்கிட்டு இல்ல, அதையே பாத்துக்கிட்டு" என்றார். பேப்பர் விஷயத்தை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை.

முயல் என்று தமிழில் நாம் ஒரே சொல்லால் இரண்டு பிராணிகளைக் குறிக்கிறோம். என் சின்ன வயதில் எங்கள் ஊர்ப் பொட்டல் காட்டில் குதித்து ஓடியது காட்டு முயல். அது வளை தோண்டாது. புதரடியில் ஒரு பள்ளத்தில் படுத்திருக்கும், ஆபத்து என்றால் காற்றாய்ப் பறந்துவிடும். அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கடைகளில் விற்கும் வெள்ளை முயல் வேறு சாதி. அதன் பூர்வீகம் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம். மண்ணைக் குடைந்து, கூட்டமாக வளைக்குள் வாழ்ந்த பிராணி. நம் கொடைக்கானல் மலையில் மன்னவனூர் மத்திய ஆராய்ச்சி நிலையத்தில் ஆடுகளோடு வளர்க்கிறார்களே, அதுவும் இந்த வகைதான். அந்த மலைக் குளிர் அதற்குச் சரி. திருச்சி வெயில் சரியில்லை.

இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்தால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். வளைக்குள் வாழ்ந்த வம்சத்துக்குத் திறந்த வானம் என்பது சுதந்திரம் இல்லை, பயம். மேலே பருந்து, பக்கத்தில் நாய், பின்னால் பூனை. முயலின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் அதற்குப் பின்னாலும் தெரியும், தலைக்கு மேலேயும் தெரியும். மூக்குக்கு நேர் எதிரே மட்டும் ஒரு சின்ன இடம் தெரியாது. சாப்பிட வருகிறவர்களைக் கண்டுபிடிப்பதற்கென்றே செய்த கண். நாம் புல்தரையைப் பார்த்து "எவ்வளவு அழகான இடம்" என்கிறோம். அது "ஒளிய இடம் எங்கே" என்று பார்க்கிறது. நடுப் புல்வெளியில் கொண்டுபோய் விட்டவுடன் சில முயல்கள் அசையாமல் உட்கார்ந்துவிடும். "பாருங்க, எவ்வளவு சாதுவா இருக்கு" என்பார்கள். அது பயத்தில் உறைந்துபோய் இருக்கிறது. மல்லாக்கப் படுக்க வைத்தால் அப்படியே கிடக்குமே, அதுவும் சுகத்தில் இல்லை.

நான் வேலையைக் கொல்லையில் ஆரம்பிக்கவில்லை. ஹாலில் ஆரம்பித்தேன். பூனையைத் தூக்கிப் போக விற்கும் பிளாஸ்டிக் கூடை ஒன்று, கதவு வைத்தது, வாங்கினேன். அதற்குள் கிழிந்த துண்டைப் போட்டு, கதவைத் திறந்தபடியே ஹால் மூலையில் வைத்துவிட்டேன். காலைச் சாப்பாட்டுக் கொத்தமல்லித் தழை தினமும் அந்தக் கூடைக்குள்தான். பஞ்சுவை ஒருநாளும் நான் உள்ளே தள்ளவில்லை. இரண்டு வாரத்தில் மத்தியானத் தூக்கத்தை அதுவே அங்கே மாற்றிக்கொண்டது. அந்தக் கூடை இனி அதன் வளை. கொல்லைக்குப் போனாலும் வளையோடு போகிறது. இந்த யோசனை என்னுடையது இல்லை, பேத்தியின் குறிப்பில் மூன்றாம் பக்கத்தில் இருந்தது.

தூக்குவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சினிமாவில் மந்திரவாதி தொப்பிக்குள்ளிருந்து காதைப் பிடித்துத் தூக்குவதைப் பார்த்துப் பழகிய தலைமுறை நாம். காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. கழுத்துத் தோலையும் கூடாது. ஒரு கை நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை பின்பாகத்துக்கு அடியில் கொடுத்து, நம் உடம்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். பின்னங்காலில் அதற்கு அசுர பலம். முதுகெலும்போ லேசானது. அந்தரத்தில் பயந்து உதைத்தால் தன் முதுகைத் தானே முறித்துக்கொள்ளும். என்னைப் போன்ற அறுபத்தெட்டு வயதுக்காரர்கள் தரையில் உட்கார்ந்துகொண்டு தூக்குவது இருவருக்கும் நல்லது.

அடுத்தது கொல்லை. பார்த்தால் சின்ன இடம், இருபதடிக்குப் பதினைந்தடி. ஆனால் முயல் கண்ணால் பார்க்கத் தொடங்கியபோது அது வேறு இடமாகத் தெரிந்தது. முதல் பிரச்சினை அரளி. என் மனைவி பூஜைக்கென்று பதினெட்டு வருடமாக வளர்க்கும் செவ்வரளி. இலை, பூ, தண்டு எல்லாமே விஷம், காய்ந்து விழுந்த சருகுகூட. "அரளியை எடுத்துடலாமா?" என்று மெதுவாகக் கேட்டேன். "முயல் நேத்து வந்தது, அரளி பதினெட்டு வருஷமா இருக்கு. எடுக்கணும்னா முயலை எடுங்க" என்று பதில் வந்தது. நியாயம்தான். அரளிக்கு எதிர்மூலையைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே ஒரு தொட்டியில் மணி பிளாண்ட் இருந்தது, அதையும் முயல் தின்னக் கூடாது, மாடிக்குப் போயிற்று. வேலியோரம் தானாக முளைத்திருந்த எருக்கையும் ஊமத்தையையும் வேரோடு எடுத்தேன். தென்னைக்கு அடியில் நிழல் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அங்கே மட்டையும் தேங்காயும் விழும். மிச்சம் இருந்தது மாமரத்தடி.

மாமரத்தடியில் முளைத்திருந்தது நம் அருகம்புல். முயலுக்கு அதைவிட நல்ல புல் வேண்டாம். பிள்ளையார் கோவில் வாசல் பூக்கடையில் கட்டாகவே கிடைக்கும், கழுவிப் போடலாம். நாலாவது மாடியில் உலர்ந்த புல் தின்று பழகிய வயிற்றுக்குப் பச்சைப் புல்லை ஒரேயடியாகக் கொடுத்தால் கழிச்சல் வரும். அதனால் கார்த்திகை முழுக்க ஒரு கைப்பிடி, இரண்டு கைப்பிடி என்று ஏற்றினேன். கேரட் மட்டும் எங்கள் வீட்டில் கிடையாது, எப்போதாவது ஒரு சின்னத் துண்டு. கார்ட்டூனைப் பார்த்து எல்லோரும் முயல் என்றால் கேரட் என்கிறார்கள், அது அதற்கு மிட்டாய் மாதிரி. கொல்லையில் பூச்சிமருந்து அடிப்பதையும் நிறுத்தினேன். பூங்காவுக்குக் கூட்டிப் போகலாமே என்று தமிழாசிரியர் கேட்டார். பூங்காப் புல்லில் என்ன மருந்து அடித்தார்கள், எந்த நாய் அதில் காலைத் தூக்கியது என்று நமக்குத் தெரியாது. நமக்குத் தெரியாவிட்டாலும் முயலின் மூக்குக்குத் தெரியும், நாய் வாசம் உள்ள இடத்தில் அது ஒரு வாய் தின்னாது.

கொத்தனாரிடம் சொல்லி வெல்டு மெஷ் கம்பி வலை வாங்கி, ஆறடிக்கு நாலடி ஒரு தடுப்பு செய்தேன். மேலேயும் வலை, ஏனென்றால் எங்கள் மதில்மேல் இரண்டு பூனைகள் குடியிருக்கின்றன, காலி மனையிலிருந்து கீரி வரும், மேலே பருந்து வட்டமிடும். அடிப்பக்கம் ஓரடி வலையை வெளிப்பக்கமாக மடித்துக் கல் வைத்தேன். முயல் உள்ளிருந்து தோண்டினால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். தோண்டட்டும், அதற்குத்தானே வந்திருக்கிறது. நான் பக்கத்தில் இருக்கிறேன். மண் கையளவு ஆழம் போனால் போதும், அதன் முகத்தில் ஒரு பெருமை வரும்.

நேரம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். முயலுக்கு நம்மைப் போல வியர்க்காது. உடம்புச் சூட்டைக் காது வழியாகத்தான் வெளியேற்றும். 28, 30 டிகிரிக்கு மேலே போனாலே அதற்குச் சிரமம். திருச்சியில் அது வருடத்தில் எத்தனை நாள் என்று உங்களுக்கே தெரியும். காது தொட்டால் சுடுகிறது, நீட்டி நிமிர்ந்து படுத்து வேகமாக மூச்சு விடுகிறது என்றால் உடனே உள்ளே கொண்டுபோக வேண்டும். காதை ஈரத்துணியால் துடைக்கலாம். தண்ணீரில் முக்கக் கூடாது, அந்த அதிர்ச்சியே ஆபத்து. வாயைத் திறந்து மூச்சு விட்டால் நேரே மருத்துவரிடம்தான். மூக்கால் மட்டுமே மூச்சு விடுகிற பிராணி அது, வாயைத் திறக்கிறது என்றால் கடைசிக் கட்டம். பஞ்சுவைப் போல் சிவப்புக் கண் உள்ளவைகளுக்கு இன்னொரு தொல்லை, கண்ணில் நிறமி இல்லாததால் வெளிச்சம் கூசும். நல்லவேளையாக முயல் இயல்பிலேயே விடிகாலையிலும் அந்தியிலும்தான் சுறுசுறுப்பாக இருக்கும். நானும் அப்படியே.

மார்கழி முதல் வாரத்தில் ஒருநாள், காலை ஆறே காலுக்கு, பஞ்சு உள்ளே உட்கார்ந்திருந்த கூடையைத் தூக்கிக்கொண்டு போய்த் தடுப்புக்குள் வைத்தேன். கூடைக் கதவைத் திறந்தேன். ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். இருபது நிமிடம். மூக்கு அசைந்துகொண்டே இருந்தது, வேறெதுவும் அசையவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டோம். "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றாள் மனைவி, கோலமாவு டப்பாவோடு.

இரண்டாம் நாள் தலை வெளியே வந்தது. மூன்றாம் நாள் ஏதோ காக்கை கத்த, தலை உள்ளே போய்விட்டது. ஐந்தாம் நாள் முன்னங்கால் இரண்டும் புல்லில். பனியில் நனைந்த புல் பாதத்தில் பட்டதும் காலை எடுத்து உதறியது, பிறகு மறுபடி வைத்தது. வெளியே இழுக்கவோ, கூடையைச் சாய்த்துக் கொட்டவோ ஒரு நிமிடம் போதும். எதிர்வீட்டு ஆசிரியர் மதில்மேல் எட்டிப் பார்த்து அதைத்தான் சொன்னார். "சார், பின்னாலேருந்து லேசா ஒரு தள்ளு தள்ளுங்க, பழகிடும்." பழகும். நம்மைக் கண்டு ஓடப் பழகும். எட்டாம் நாள் உடம்பு முழுக்க வெளியே வந்து, கூடையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, உள்ளே ஓடிப் போயிற்று. பதினோராம் நாள் அருகம்புல்லைக் கடித்து இழுத்துத் தின்றது. நான் பேப்பரை எடுக்கவில்லை.

வைகுண்ட ஏகாதசி கழிந்து இரண்டு மூன்று நாள் இருக்கும். பஞ்சு தடுப்பின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு ஓடி, நடுவில் அந்தரத்தில் எழும்பி, தலையை ஒரு பக்கமும் இடுப்பை இன்னொரு பக்கமும் முறுக்கி இறங்கியது. மறுபடியும் ஒரு தடவை. முயல் சந்தோஷத்தில் செய்கிற காரியம் இது. ஹாலில் வழுக்கும் டைல்ஸ் தரையில் அது ஒருநாளும் செய்ததில்லை. கோலம் போட்டுவிட்டு வந்த என் மனைவி டப்பாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னங்க, இன்னொரு தடவ பண்ணச் சொல்லுங்க" என்றாள்.

பேத்தி ஆன்லைனில் ஒரு ஹார்னஸ் அனுப்பியிருந்தாள், நெஞ்சையும் வயிற்றையும் சுற்றி மாட்டுகிற சட்டை மாதிரி ஒன்று, கயிறோடு. கழுத்துப் பட்டை முயலுக்கு ஆகவே ஆகாது. போடுவதென்றால் இப்படிப்பட்ட சட்டை வகைதான், அதையும் வீட்டுக்குள்ளேயே நாளுக்கு ஐந்து நிமிடம் என்று பழக்கி, பிறகு கயிறை மாட்டி, அது போகிற பக்கம் நாம் பின்னால் போக வேண்டும், இழுக்கக் கூடாது. பழகிக்கொள்கிற முயல்களும் உண்டு. பஞ்சுவுக்கு நாலு நாள் மாட்டிப் பார்த்தேன். மாட்டியதும் தரையோடு தரையாகப் பதுங்கி, காதை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். கழற்றினால்தான் எழுந்திருக்கும். மேசை டிராயரில் வைத்துவிட்டேன். கயிறு கட்டித் தெருவில் நடத்துவதைப் பார்க்க அழகாகத்தான் இருக்கும், நாலு பேர் போட்டோ எடுப்பார்கள். ஆனால் ஒரு நாய் குரைத்தால் கயிற்றின் முனையில் அந்த முதுகெலும்பு என்ன பாடுபடும் என்று நினைத்தால் எனக்கு அந்த அழகு வேண்டாம் என்றிருக்கிறது.

தை பிறந்து பத்து நாளில் அந்தச் சாயங்காலம் வந்தது. மணி ஐந்தே கால். பஞ்சு தடுப்புக்குள் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. பின் தெருவில் ஒரு பெரியவர் காலமாகியிருந்தார். ஊர்வலம் ஆறு மணிக்கு, அதுவும் மெயின் ரோடு வழியாக என்று விசாரித்து வைத்திருந்தேன். அவர்கள் முன்னதாகவே எடுத்துவிட்டார்கள், எங்கள் சந்து வழியாக. தாரை தப்பட்டை கேட்ட மாத்திரத்தில் பஞ்சு பின்னங்காலால் தரையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டியது. வளைக்குள் இருக்கிற மற்றவர்களுக்கு அது கொடுக்கிற எச்சரிக்கை. இங்கே வளையும் இல்லை, மற்றவர்களும் இல்லை, நான்தான். அடுத்த வினாடி சரவெடி. பஞ்சு வலையில் மோதவில்லை, தாறுமாறாக ஓடவில்லை. நேரே கூடைக்குள் பாய்ந்தது. நான் கதவைச் சாத்தி, துண்டைப் போட்டு மூடி, உள் அறைக்குக் கொண்டுபோய், ஜன்னலைச் சாத்தினேன். இரண்டு வாரம் ஹால் மூலையில் வைத்த கொத்தமல்லித் தழைக்கு அந்த ஐந்து வினாடியில் பலன் கிடைத்தது.

ஆனால் அதோடு முடியவில்லை. ஊர்வலம் போய் ஒரு மணி நேரம் ஆகியும் பஞ்சு எதையும் தொடவில்லை. கொத்தமல்லி, புதினா, அருகம்புல், எதுவும். முயலுக்குச் சாப்பாடு நிற்பது நம் விரதம் போல அல்ல. அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய இயந்திரம். பயத்திலோ வலியிலோ அது நின்றால் உள்ளே காற்று சேரும், அதனால் வாந்தி எடுக்கவும் முடியாது. பன்னிரண்டு மணி நேரம் தின்னாமல் இருந்தால் உயிருக்கே ஆபத்து. எட்டு மணிக்கு மருத்துவருக்குப் போன் செய்தேன். "வயிறு கல்லு மாதிரி இருக்கா? பல்லை நறநறன்னு கடிக்குதா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை. "சரி, சத்தம் இல்லாம, வெளிச்சம் இல்லாம வைங்க. வாய்க்குள்ள எதையும் திணிக்காதீங்க. வாசனையான தழை பக்கத்துல இருக்கட்டும். வயிறு உப்புனாலோ, விடிகாலை நாலு மணி வரைக்கும் ஒண்ணும் தின்னலைன்னாலோ எனக்குப் போன் பண்ணுங்க, எத்தனை மணின்னாலும் பரவாயில்லை" என்றார்.

அந்த அறையில் பாயைப் போட்டுப் படுத்தேன். படுத்தேன் என்பது பேச்சுக்கு. முயல் புழுக்கை கொண்டைக்கடலை அளவில் உருண்டையாக இருக்கும். டார்ச்சை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு அரை மணிக்கு ஒருதரம் துண்டின் மேல் ஏதாவது புதிதாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். பத்து மணிக்கு இல்லை. பன்னிரண்டுக்கு இல்லை. ஒன்றரைக்கு மனைவி எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். நைட் டியூட்டியில் தாமதமான வண்டிகளுக்காக எத்தனையோ இரவு விழித்திருக்கிறேன். அப்போதெல்லாம் போன் செய்து கேட்க அடுத்த ஸ்டேஷன் என்று ஒன்று இருந்தது. மருமகள் சொன்ன வார்த்தை காதிலேயே நின்றது. காலையில் குழந்தைக்கு என்ன சொல்வது என்று மனதுக்குள் வாக்கியம் அமைத்து அமைத்துக் கலைத்தேன்.

மூன்று மணி பத்து நிமிடம். இருட்டில் ஒரு சத்தம். கொத்தமல்லித் தண்டை முறிக்கிற சத்தம். டார்ச்சைப் போட வேண்டாம் என்று மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். விடிந்து பார்த்தபோது துண்டின்மேல் பதினாலு கொண்டைக்கடலை. முப்பத்தாறு வருட சர்வீஸில் எந்த ஆபீசர் கொடுத்த பாராட்டும் எனக்கு அத்தனை நிறைவாக இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். மருமகள் அதட்டவில்லை. "மாமா, இனிமே வேண்டாமே" என்று மட்டும் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. தடுப்பைச் சுருட்டி மாடிப்படிக்குக் கீழே வைத்தாயிற்று என்றேன். பேத்தி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதுவே கேட்டா விடுங்க தாத்தா" என்றாள்.

"அது எப்படிம்மா கேக்கும்?"

"உங்களுக்குத் தெரியும்."

எனக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் பஞ்சு கூடையின் பக்கமே போகவில்லை, கட்டிலடியில்தான் படுத்திருந்தது. நான் பழையபடி தழையைக் கூடைக்குள் போட்டு, கதவைத் திறந்தே வைத்திருந்தேன். தழையைக் கழுத்தை நீட்டி எடுத்துக்கொண்டு வெளியே போய்த் தின்றது. ஒன்பதாம் நாள் காலை ஆறு மணிக்கு நான் காபி டம்ளரோடு ஹாலுக்கு வந்தபோது, அது கூடைக்குள் உட்கார்ந்திருந்தது. வழக்கமாகச் சுவரைப் பார்த்து உட்காரும். அன்று கொல்லைக் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. காபியை ஆறவிட்டு, தடுப்பை எடுத்து விரித்தேன். அன்று மூக்கை மட்டும் நீட்டியது. மறுபடி முதலிலிருந்து. ஆனால் இந்தத் தடவை நாலே நாளில் புல்லுக்கு வந்துவிட்டது.

இப்போது அந்திப் பொழுதை விட்டுவிட்டோம், காலை மட்டும்தான். கல்யாணம், சாவு, கோவில் திருவிழா, அரசியல் கூட்டம், எது இருந்தாலும் அன்று கொல்லை கிடையாது. தீபாவளிக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் உள் அறைதான். உள்ளே வந்ததும் பாதம், காதுமடல், வாலுக்கு அடியில் எல்லாம் பார்த்துவிடுகிறேன். உண்ணி ஒட்டும். வாலடியில் அசுத்தம் இருந்தால் ஈ முட்டையிடும், வெயில் நாளில் ஒரே நாளில் புழு வைத்துவிடும். இது ஐந்து நிமிட வேலை. கூடை காலியாக இருக்கிற காலையில் நான் எதுவும் செய்வதில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது அது வர மாட்டேன் என்று சொல்லிவிடுகிறது, அன்று எனக்குப் பேப்பர் படிக்கக் கிடைக்கிறது.

மே மாத லீவுக்குப் பேத்தி வருகிறாள். கத்திரி வெயிலில் விடிகாலை ஐந்தரைக்கு எழுந்து, ஆறரைக்குள் உள்ளே வந்துவிட வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். "சென்னைல இருந்தப்ப நான் ஏழரைக்குத்தான் எழுந்திருப்பேன் தாத்தா" என்று யோசித்தாள். பஞ்சு காத்திருக்காது என்றேன். அம்மாவின் போனில் அலாரம் வைத்துக்கொள்கிறாளாம்.